திறந்த பெட்டி, திறவாத எழுத்து

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு மர அலமாரியை வேறிடத்துக்கு மாற்றியபோது அதன் பின்புறம் ஒரு பழைய வாழ்த்து அட்டை உறை கிடைத்தது. உள்ளே மூன்றரை அங்குல பிளாப்பிகள் ஒன்பது. மேலிருந்த ஒன்றின் மீது நீல மையில் ‘நன்கொடை நூல்கள்’ என்று எழுதியிருந்தது. இராசிபுரம் பக்கத்துப் பள்ளியாசிரியர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை 1990களின் இறுதியில் எங்கள் கல்லூரிக்குக் கொடுத்தார் என்பது வாய்மொழியாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தெந்த நூல்கள் என்பது தெரியாது. அந்த நூல்களுக்கென வைத்திருந்த பேரேடு ஒரு மழைக்காலத்தில் கரையானுக்கு இரையாகிவிட்டது. நூல்கள் பொது அடுக்குகளில் கலந்து போயின. ஆகவே அந்த உறையைக் கண்டதும் ஏட்டுச்சுவடிக் கட்டு கிடைத்தவனைப் போல மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஒரு மாலைப்பொழுது நீடித்தது.

கணினித் துறை நண்பர் யுஎஸ்பி வழியாக இணைக்கும் பிளாப்பி இயக்கி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். ஒன்பதில் இரண்டு மட்டும் படிக்கக் கிடைத்தன. ஒன்றில் ஒரேயொரு கோப்பு இருந்தது. பெயரின் பின்னொட்டு டி.பி.எஃப். அதைக் கண்டதும் எனக்கு ஒரு கோடை விடுமுறை நினைவுக்கு வந்தது. 1997இல் சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு கணினி மையத்தில் ஆறு மாதப் பட்டயப் படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் த்ரீ பிளஸ் என்று அக்காலத்தில் எல்லா மையங்களிலும் ஒரே வரிசைதான். கறுப்புத் திரையின் கீழே ஒற்றைப் புள்ளி ஒன்று நிற்கும். அதன் அருகே ‘யூஸ்’ என்று தட்டிக் கோப்பின் பெயரைச் சொன்னால் அட்டவணை திறக்கும். ‘லிஸ்ட்’ என்றால் வரிசையாக ஓடும். செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்கும் நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கும் இந்தப் புள்ளிக்குள்தான் போகின்றன என்று ஆசிரியர் பெருமையோடு சொல்வார்.

நண்பர் அந்தக் கோப்பை லிபர் ஆபீஸில் இழுத்துப் போட்டார். எந்த எழுத்துக் குறியேற்றம் என்று அது ஒரு கேள்வி கேட்டது. கைக்கு வந்த ஒன்றைச் சொன்னோம். இரண்டு நொடியில் அட்டவணை திறந்தது. வரிசை எண், நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், சேர்த்த நாள் என எல்லாப் பத்திகளும் அதனதன் இடத்தில் இருந்தன. எண்கள் சரியாக இருந்தன. நூற்பெயர்ப் பத்தியில் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, குழந்தை விசைப்பலகையில் தட்டியது போல ஏதோ இருந்தது.

இருபத்தைந்து ஆண்டுப் பழைய கோப்பு ஒன்று, அதை ஆக்கிய மென்பொருள் இல்லாமலே, இவ்வளவு எளிதாகத் திறந்தது எப்படி? அதற்குள் இருந்த தமிழ் மட்டும் திறக்காமல் போனது எதனால்? அடுத்த சில வாரங்கள் இந்த இரு கேள்விகளோடு கழிந்தன. நான் கணினி கற்றவனல்லன், தமிழிலக்கியம் படித்தவன். நண்பர் சொல்லியும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதற் கேள்விக்கான விடை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. அங்குள்ள ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி என்ற விண்வெளி ஆய்வுக்கூடத்தில் யூனிவாக் பெருங்கணினி ஒன்றில் ஜே.பி.எல்.டிஸ் என்ற தரவு மேலாண்மை நிரல் புழங்கியது. அதை எழுதியவர் ஜெப் லாங். அங்கே பணிபுரிந்த வேய்ன் ராட்லிஃப், அலுவலகத்தில் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் வெல்வதற்காகப் புள்ளிவிவரங்களைத் தொகுக்க விரும்பினார். ஜே.பி.எல்.டிஸை முன்மாதிரியாகக் கொண்டு, வீட்டில் தாமே பூட்டிய சிறு கணினிக்கு ஒரு நிரலை எழுதினார். ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஸ்பாக்கை நினைத்து அதற்கு ‘வல்கன்’ என்று பெயர் வைத்தார். 1980இல் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி இருவரும் அதை விற்கும் உரிமையைப் பெற்று ‘டிபேஸ் டூ’ என்று பெயரிட்டனர். டிபேஸ் ஒன்று என எதுவும் வந்ததில்லை. இரண்டு என்றால் மேம்பட்ட பொருள் என்று வாங்குபவர் எண்ணுவார் என்பது கணக்கு. நிறுவனத்தின் பெயரான ஆஷ்டன்-டேட்டிலும் ஆஷ்டன் என்று எவரும் இருந்ததில்லை. இந்தத் துறையின் பெயர்க்கதைகள் நம் தலபுராணங்களுக்குச் சளைத்தவையல்ல.

1984இல் வந்த டிபேஸ் த்ரீயின் கோப்பு வடிவமே பின்னர் நிலைபெற்றது. அதன் அமைப்பு எளியது. முதல் பைட், இது எவ்வகைக் கோப்பு என்று சொல்கிறது. அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்திய ஆண்டு, மாதம், நாள். பின்னர் எத்தனை பதிவுகள், தலைப்பகுதி எவ்வளவு நீளம், ஒவ்வொரு பதிவும் எவ்வளவு நீளம் என்பன. அடுத்து ஒவ்வொரு பத்திக்கும் 32 பைட் கொண்ட விவரம் ஒன்று: பத்தியின் பெயர் பத்து எழுத்துக்குள், அதன் வகை, அகலம். அதன்பின் பதிவுகள், இடைவெளி நிரப்பிச் சம அகலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. எண்களும் நாள்களும்கூடப் படிக்கத்தக்க எழுத்துகளாகவே நிற்கும். சுருக்கமோ பூட்டோ கிடையாது. கடைக்காரரின் பேரேட்டைப் போல கோடு போட்ட பக்கம், அவ்வளவே.

எளிமையாக இருந்ததால் எல்லோரும் பார்த்து எழுதினர். கிளிப்பர் வந்தது, பாக்ஸ்பேஸ், பின்னர் பாக்ஸ்புரோ வந்தன. தன் மொழியையும் திரைகளையும் நகலெடுத்ததாக ஆஷ்டன்-டேட் 1988இல் பாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1990 டிசம்பரில் நீதிபதி டெரி ஹாட்டர் அளித்த தீர்ப்பு வேடிக்கையானது. டிபேஸ் என்பதே ஜே.பி.எல்.டிஸிலிருந்து பிறந்தது, பதிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அதை மறைத்துவிட்டீர்கள், ஆகவே உங்கள் உரிமையே செல்லாது என்றார். சில மாதங்களில் அத்தீர்ப்பை அவரே திரும்பப் பெற்றார். அதற்குள் நிறுவனம் தளர்ந்து, 1991இல் போர்லண்டின் கைக்குப் போனது. இணைப்பை ஏற்க அமெரிக்க அரசு விதித்த நிபந்தனையால் வழக்கும் முடிவுக்கு வந்தது. 1992இல் பாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிற்று. விஷுவல் பாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2015 ஜனவரியோடு நின்றது.

நிறுவனங்கள் போயின, கோப்பு வடிவம் நின்றது. நிலவரைபடத் துறையில் இன்றும் பரவலாக வழங்கும் ஷேப்ஃபைலின் விவர அட்டவணை டி.பி.எஃப். கோப்புதான். ஒரு வரைபடத்தில் பத்தியின் பெயர் பத்து எழுத்தோடு அறுந்து நிற்கக் கண்டால் அது டிபேஸ் விட்டுச்சென்ற தழும்பு என்று அறியலாம். எக்செல் 2007இலிருந்து இவ்வடிவத்தில் சேமிப்பதை நிறுத்திவிட்டாலும் திறந்து படிக்கிறது. அக்சஸ் 2013 பதிப்பு இதைக் கைவிட்டு, 2016இல் மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஒருவருக்கும் முழு உரிமையாக நில்லாமற் போனதே இதன் ஆயுளுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி இரண்டாம் கேள்வி. டி.பி.எஃப். கோப்பின் தலைப்பகுதியில், சுழியிலிருந்து எண்ணினால் 29ஆம் பைட், உள்ளே இருப்பது எந்த மொழியின் குறியேற்றம் என்று சொல்வதற்காகப் பின்னாளில் ஒதுக்கப்பட்டது. அதற்கான பட்டியலில் ருஷ்ய மொழி உண்டு, தாய்லாந்து மொழி உண்டு, ஜப்பானியம் உண்டு, தமிழ் இல்லை. எங்கள் கோப்பில் அந்த இடத்தில் சுழியம் இருந்தது. எழுத்துரு எது என்பதையும் கோப்பு சொல்லாது. பாக்ஸ்புரோவில் எழுத்துரு திரைக்கு உரியதேயன்றி அட்டவணைக்கு உரியதன்று. தட்டச்சு செய்தவரின் கணினியில் எந்த எழுத்துரு இருந்ததோ அதுவே திறவுகோல். அந்தக் கணினி எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.

அக்காலத்தில் தமிழைக் கணினியில் ஏற்றும் வழி ஒன்றாக இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கி சி-டாக் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் அட்டையைக் கணினியில் செருகினால் டாஸிலேயே இந்திய எழுத்துகளைக் காணலாம். அதன் அடிப்படையான இஸ்கி குறியேற்றம் 1991இல் இந்தியத் தரமாயிற்று. ஒலிமுறையில் அமைந்த நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பகுதிக் கல்லூரிகளில் அந்த அட்டையை நான் கண்டதில்லை. கண்டதெல்லாம் எழுத்துருக்கள்தாம். ஆங்கில எழுத்தின் படத்தை எடுத்துவிட்டு அங்கே தமிழெழுத்தின் படத்தை வைப்பது அவற்றின் உத்தி. படத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஆக்கியவரே முடிவு செய்வார். அதனால் ஓர் எழுத்துருவில் ‘க’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறெழுத்து இருக்கும். இதைச் சீராக்கவே டிஸ்கி உருவானது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும் விண்டோஸ் 2000 வந்த பிறகே அது சாதாரணக் கணினிகளில் தெரியத் தொடங்கிற்று. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்.

மதுரைத் திட்டத்தின் வரலாறு இங்கே ஒப்புநோக்கத் தக்கது. 1998இல் கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய அத்திட்டத்தின் நூல்கள் மயிலையிலிருந்து டிஸ்கிக்கும், டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் இடம்பெயர்ந்து இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இது இன்ன குறியேற்றத்தில் உள்ளது என்று எழுதிவைத்தார்கள். எங்கள் நூலகத்தில் அந்த ஒரு வரியை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்வதும் நியாயமன்று. திரையில் தமிழ் தெரிந்தது. தெரிவது எதனால் என்று எவர் யோசிப்பார்?

திறவுகோலைக் கண்டது பதிப்பகப் பத்தியின் மூலம். நூறு நூறு வரிகள் ஒரே எழுத்துத் தொடரில் முடிந்தன. அது ‘பதிப்பகம்’ என்ற சொல்லாகத்தான் இருக்க முடியும். தாலமியின் பெயரைப் பிடித்துக்கொண்டு எகிப்திய எழுத்தை அவிழ்த்த ஷாம்போலியோனின் கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு இப்படி வரும் என்று எண்ணியதில்லை. டிஸ்கியில் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளுக்குத் தனி இடம் உண்டு. ‘பதிப்பகம்’ அங்கே ஏழு குறிகளில் அடங்கும். எங்கள் கோப்பில் ஒன்பது இருந்தன. ஐந்தாவதும் ஒன்பதாவதும் அரைப்புள்ளி. புள்ளியைத் தனியே அடிக்கும் பழைய தட்டச்சுப்பொறியின் முறை இது. அப்படியானால் பாமினி, அல்லது அதன் பங்காளி. இணையத்தில் எழுதிய மூத்த தலைமுறைக்குச் சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ எழுத்துமாற்றி நினைவிருக்கும். அத்தகைய மாற்றியொன்றில் ஒரு பத்தியை ஒட்டினோம். மறுநொடியே பாரி நிலையமும் கழகமும் வரிசையாக எழுந்து நின்றன. நண்பர் கைதட்டினார். நானும்.

கைதட்டல் சற்று முந்திவிட்டது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே குடியிருப்பது. ஆகவே பட்டியலில் இருந்த ஆங்கில நூல்களின் பெயர்களும் தமிழாக மாறி எம்மொழியும் அல்லாத சொற்களாயின. எது ஆங்கிலம், எது தமிழ் என்று நிரலால் பிரித்தறிய முடியவில்லை. வரிவரியாகப் பார்த்துப் பிரித்தோம். அதைவிடப் பெரிய சிக்கல் முதல் சில நூறு பதிவுகளில் இருந்தது. அவை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருந்தன. நூற்பெயரை எப்படித் தட்டினாலும் பெரிய எழுத்தாக மாற்றும்படி அந்தப் பத்திக்கு ஆணையிட்டிருக்கிறார்கள். ஆங்கிலப் பட்டியலுக்கு அது அழகு. பாமினியிலோ சிறிய எழுத்து ‘க’ என்றால் அதன் பெரிய எழுத்து ‘கு’. ‘ம’ என்றால் ‘மு’. ‘ல’ என்றால் ‘லு’. ‘ப’ என்றால் ‘பு’. ‘கமலம்’ என்று தட்டியது ‘குமுலுமு’ என்றாகி அதன்மேல் ஒரு புள்ளியும் ஏறி நிற்கும். இதைத் திருப்பவும் முடியாது. இப்போது ‘மு’ என்று நிற்பது தொடக்கத்தில் ‘ம’வாக இருந்ததா ‘மு’வாகவே இருந்ததா என்பதைக் கோப்பு மறந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் படித்த படிப்பு உதவிற்று. ஏட்டில் எழுத்தாணியால் எழுதியோர் ஓலை கிழியுமென்று புள்ளி வைக்காமல் விடுவர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோல் இருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். படிப்பவர் பொருளறிந்தே எழுத்தறிய வேண்டும். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் நீங்கள் படித்த நூல்களால் என்ன பயன், சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு, கையெழுத்துப் பிரதி ஒன்றையும் கொடுத்த கதை தமிழ் படித்தோர் யாவரும் அறிந்தது. 1887இல் அந்நூல் அச்சில் வரும்வரை ஐயர் பட்ட பாட்டில் ஒரு பகுதி, எழுதியவர் எந்த எழுத்தை எண்ணி எழுதினார் என்று தேர்வதுதான். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொடங்கிவைத்த அந்த வேலையோடு இதை ஒப்பிடுவது மிகையென்று தெரியும். ஆனால் ‘முணுமு’ என்றும் ‘குதுலு’ என்றும் கிடக்கும் தலைப்புகளை வைத்துக்கொண்டு அவை மணமா, கதலியா என்று உட்கார்ந்திருந்த மாலைகளில் வேறு யாரை நினைப்பது? ஆசிரியர் பெயரும் ஆண்டும் துணைநிற்க, பெரும்பாலானவற்றை மீட்டோம். சில இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கின்றன.

சேர்த்த நாள் பத்தியும் ஒரு புதிர் போட்டது. 1994இல் வெளியான நூல் ஒன்று 1903இல் நூலகத்துக்கு வந்ததாக இருந்தது. டிபேஸ், பாக்ஸ்புரோ கோப்புகளில் ஆண்டு நான்கு இலக்கமாகத்தான் பதிவாகும். ஆனால் திரையில் கேட்பது, நாம் மாற்றிச் சொல்லாதவரை, இரண்டு இலக்கம். 2000க்குப் பின் ‘03’ என்று தட்டினால் அது 1903 என்று கொள்ளும். இது எங்களுக்குக் கேடாகவில்லை. பணி 2003 வரையாவது தொடர்ந்தது என்பதற்கு இந்தப் பிழையே சான்றாயிற்று.

மீட்ட பட்டியலை யூனிகோடாக அதே கோப்பில் திரும்ப எழுதிவிடலாம் என்று முதலில் எண்ணினோம். நூற்பெயருக்கு அவர்கள் ஒதுக்கிய அகலம் 30. யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட் கொள்ளும். ‘திருச்செங்கோடு’ என்ற ஒரு சொல்லுக்கே 42 வேண்டும். ஆக அந்தப் பெட்டியில் ஊர்ப்பெயர்கூட அடங்காது. புதிய அட்டவணை ஒன்றுக்கு மாற்றினோம். அதில் அகரவரிசை முதன்முறையாகச் சரியாக வந்தது. பழைய முறையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னே தட்டப்பட்டதால், ‘செ’, ‘நெ’, ‘தெ’ என்று தொடங்கும் நூல்களெல்லாம் கொம்பின் கீழ் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

இதற்கிடையில், அந்நாளில் நூலக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பட்டியலில் பாட்டுப் புத்தகம் ஒன்றுகூட இல்லையே, ஆசிரியரிடம் நிறைய இருந்ததாகச் சொல்வார்களே என்று கேட்டேன்.

“அதெல்லாங் கழிச்சுட்டாங்க சார். கல்லூரிக்கு எதுக்கு சினிமாப் பாட்டுன்னு ஒரு கமிட்டி வந்து சொல்லுச்சு. ஆனா நாங்க பதிவ அழிக்கலைங்க. குறி மட்டுந்தான் வெச்சோம். பேக் குடுத்தா மொத்தமாப் போயிரும்னு பயந்துக்கிட்டு அப்படியே விட்டுட்டோமுங்க.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இவ்வடிவத்தில் ஒவ்வொரு பதிவின் முன்னும் ஒரு பைட் உண்டு. அது வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிருடன் இருப்பதாகப் பொருள். உடுக்குறி இருந்தால் நீக்கப்பட்டதாகப் பொருள். ‘பேக்’ என்ற ஆணை தரும்வரை நீக்கிய பதிவு கோப்பிலேயே கிடக்கும். இன்றைய மென்பொருள்கள் பலவும் அவற்றை இயல்பாகக் காட்டுவதில்லை. லிபர் ஆபீஸின் தரவுத்தளப் பகுதியில் நீக்கப்பட்ட பதிவுகளையும் காட்டு என்றொரு தெரிவு இருக்கிறது. அதைச் சொடுக்கியதும் இருநூறுக்கும் மேற்பட்ட வரிகள் எழுந்தன. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் படங்களுக்கு வெளியிட்ட பாட்டுப் புத்தகங்கள், கூட்டுறவுச் சங்க ஆண்டு மலர்கள், திருவிழா நோட்டீசுகளைத் தைத்த கட்டுகள், உள்ளூர் அச்சகங்களில் வந்த கும்மியும் சிந்தும். ஒரு பள்ளியாசிரியர் இவற்றையும் நூல் என்று மதித்துச் சேர்த்திருக்கிறார். பொருள்கள் போய்விட்டன. குறி மட்டும் வைத்து விட்ட ஒருவரின் அச்சத்தால் பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன. இப்பகுதியின் சிறு வெளியீடுகளைத் தேடுவோருக்கு அந்தப் பட்டியலைத் தர இயலும்.

ஒன்று மட்டும் மீளவில்லை. எட்டாவதாக ‘குறிப்பு’ என்றொரு பத்தி இருந்தது. நீண்ட குறிப்புகளைப் பாக்ஸ்புரோ அட்டவணைக்குள் வைப்பதில்லை, எஃப்.பி.டி. என்ற பின்னொட்டுடன் துணைக்கோப்பு ஒன்றில் வைக்கும். அட்டவணையில் நிற்பது அந்தக் குறிப்பு துணைக்கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண் மட்டுமே. நகலெடுத்தவர் அட்டவணையை மட்டும் பிளாப்பியில் எடுத்திருக்கிறார். எந்த நூலை எங்கே வாங்கினேன், யார் கொடுத்தார்கள் என்று ஆசிரியர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல அதில் ஏற்றியதாகப் பெரியவர் கூறினார். மற்ற ஏழு பிளாப்பிகளில் ஒன்றில் அது இருக்கக்கூடும். அவற்றின் காந்தப்பூச்சில் பூஞ்சை படிந்திருக்கிறது. புதிய அட்டவணையில் அந்தப் பத்தியை நீக்கிவிடலாமே என்றார் நண்பர். வேண்டாமென்றேன். எண்கள் அப்படியே இருக்கின்றன.